வாஷ் பேசினில் தேய்ந்துபோன வேஸ்ட் கப்ளிங்கை நாமே மாற்ற முடியுமா?

தாராளமாக மாற்றலாம். பேசின் ஓட்டையில் உட்கார்ந்து தண்ணீரை வேஸ்ட் பைப்புக்கு இறக்கும் உலோகத் துண்டுதான் வேஸ்ட் கப்ளிங். சத்துவாச்சாரியில் வீடு, பேசின் அடியில் சொட்டுகிறது, கப்ளிங்கில் முலாம் உரிந்து பச்சை பூத்துவிட்டது, பிளம்பர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். புதியதை மாட்டுவது ஒன்றுமே இல்லை. நம்ம வேலூர் போர் தண்ணீரில் ஊறின பழையதைக் கழற்றுவதுதான் வேலையே. காவிரித் தண்ணீர் வந்தாலும் பல வீட்டு டேங்கில் போர் தண்ணீரும் கலந்துதானே கிடக்கிறது?

முதலில் அடிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத் தண்ணீர் விட்டு, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். வேஸ்ட் பைப் சேருகிற இடத்தில் மட்டும் கசிந்தால் அங்கே ஒரு வாஷர் போதும், கப்ளிங்கைத் தொடவே வேண்டாம். பேசினுக்கு அடியில் கப்ளிங்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டுக்கு மேலே ஈரம் என்றால் கப்ளிங்தான்.

பக்கெட்டை அடியில் வைத்து வேஸ்ட் பைப்பைக் கழற்றுங்கள். சுவரிலோ தரையிலோ இருக்கும் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரப்பான் ஊர்வலம் வரும். இனி அந்த நட்டு. மரையெல்லாம் வெள்ளையாக உப்புக் கட்டி, நட்டும் கப்ளிங்கும் ஒரே உலோகமாக வார்த்த மாதிரி இருக்கும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையில் பேசின் அடியில் தலையை விட்டுக்கொண்டு உட்கார முடியாது. பிறகு மேலிருந்து ஒருவர் கப்ளிங்கின் குறுக்குக் கம்பியில் பிளையர் பிடியை நுழைத்துச் சுற்றாமல் பிடிக்க, நீங்கள் கீழே ரிஞ்சு போடுங்கள். அப்படியும் அசையவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள், பேசின் விரிசல் விட்டால் செலவு எங்கேயோ போய்விடும். ஆக்சா பிளேடால் நட்டை நெடுக்காக அறுத்துவிடுங்கள். பித்தளை மென்மையானது, சீக்கிரம் அறுபடும். பிளேடு பீங்கானில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பேசினுக்குப் பெரும்பாலும் 32 மி.மீ., அதாவது ஒன்னேகால் இஞ்ச். கடைக்காரர், "ஃபுல் த்ரெட்டாண்ணா, ஆஃப் த்ரெட்டா?" என்பார். பேசின் உள்பக்கம், மேல் விளிம்புக்குக் கீழே நிரம்பி வழியாமலிருக்க ஓட்டை இருந்தால் ஆஃப் த்ரெட், அதாவது பக்கவாட்டில் துளை வைத்தது. ஓட்டை இல்லையென்றால் ஃபுல் த்ரெட். இதை மாற்றி வாங்கினால் என்ன முறுக்கினாலும் சரிவராது. கையில் கனமாக உட்காரும் பித்தளையையே கேளுங்கள்.

பேசின் ஓட்டையைச் சுற்றியிருக்கும் பழைய வெள்ளை சிமெண்டைச் சுரண்டிவிட்டு, கப்ளிங்கின் மேல் விளிம்புக்கு அடியில் மெல்லிய வாஷர், பேசினுக்குக் கீழே தடித்த ரப்பர் வாஷர், அப்புறம் நட்டு. நட்டைப் போடுமுன் மரையில் டெஃப்லான் டேப் நாலு சுற்று. கையால் இறுகும்வரை முறுக்கி, ரிஞ்சில் கால் சுற்று கொடுத்தால் போதும். ரப்பர் பிதுங்கினால் அதிகம் முறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வேஸ்ட் பைப்பைத் திரும்ப மாட்டும்போது பாட்டில் ட்ராப்பாகவே போட்டுவிடலாம், அதாவது அடியில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாட்டில் மாதிரியான இணைப்பு, சாக்கடை நாற்றம் மேலே ஏறாது. சித்திரை வெயிலில் ரொம்ப நாள் ஊருக்குப் போனால் அதில் நிற்கிற தண்ணீர் வற்றிவிடும், வந்ததும் ஒரு சொம்பு ஊற்றுங்கள். பேசினே கையால் தொட்டால் ஆடுகிறதென்றால் சுவர் போல்ட்டை முதலில் முடுக்குங்கள், ஆடுகிற பேசினில் எந்தக் கப்ளிங்கும் நிற்காது.