மேவரிக்கின் அண்ணன் தம்பிகள் - கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தபோது கேபிளில் பழைய கௌபாய் தொடர்களை நானும் சம்பந்தியும் விடாமல் பார்த்தோம். இப்போது ஃபோனில் சண்டை. ‘மேவரிக்’கில் ஜேம்ஸ் கார்னரும் ரோஜர் மூரும் அண்ணன் தம்பி என்கிறேன் நான். மூர் அதில் தலைகாட்டவே இல்லை என்கிறார் அவர். ‘ராஹைட்’டில் மாட்டு மந்தையை ஓட்டிச் செல்லும் கூட்டத்துக்குத் தலைவர் கிளின்ட் ஈஸ்ட்வுட் என்றால் அதற்கும் சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

ராஹைட்டை முதலில் முடித்துவிடலாம். 1959-இல் தொடங்கியபோது தலைவர் கில் ஃபேவர். நடித்தவர் எரிக் ஃபிளெமிங். ஈஸ்ட்வுட் அவருக்குக் கீழே, ரவுடி யேட்ஸாக. கடைசி சீசனுக்கு முன் ஃபிளெமிங் விலக, யேட்ஸ் தலைவரானார். ஆக, உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மேவரிக் அவ்வளவு சுலபமில்லை. வாரம் ஒரு அத்தியாயம் ஒளிபரப்பாக வேண்டும். ஒன்றை எடுத்து முடிக்கவோ ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எனவே 1957-இல் கார்னரை பிரெட் மேவரிக்காக வைத்து ஆரம்பித்தவர்கள், எட்டாவது அத்தியாயத்திலேயே ஜாக் கெல்லியைச் சகோதரன் பார்ட்டாகக் கொண்டுவந்து, இரண்டு குழுக்களை வைத்துப் படமெடுத்தார்கள். இருவரில் யாருக்குக் கதை எழுதினாலும் கார்னரை நினைத்தே எழுதுங்கள் என்பது, தொடரை உருவாக்கிய ராய் ஹக்கின்ஸின் உத்தரவு. 1960-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தின்போது வார்னர் பிரதர்ஸ் சம்பளத்தை நிறுத்த, கார்னர் வழக்குப் போட்டு ஜெயித்து வெளியேறினார். அப்புறம்தான் மூர் வருகிறார், ஒன்றுவிட்ட சகோதரன் போவாக. ஒரு சீசனோடு அவரும் கிளம்பிவிட்டார். 1961-இல் ராபர்ட் கோல்பர்ட் என்பவருக்குக் கார்னரின் உடுப்பையே மாட்டிவிட்டு, பிரெட்டுக்குப் பதில் பிரென்ட் என்று பெயர் வைத்தார்கள். என்ன துணிச்சல் பாருங்கள்!

இதோடு விடவில்லை. கார்னர் நடித்து மிச்சமிருந்த ஓர் அத்தியாயத்தை மூர் இருந்த சீசனில் வெளியிட்டார்கள். ஐந்தாவது சீசனில் கெல்லியின் புதிய அத்தியாயங்களுக்கு நடுவே கார்னரின் பழையவற்றைச் செருகினார்கள். ஆளை மாற்றினாலும் பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது என்று ஸ்டுடியோவே பாடுபட்டிருக்கும்போது, நீங்கள் குழம்பியதில் என்ன அதிசயம்?

எனக்கு உறுத்துவது வேறு. கார்னரைவிட அதிக அத்தியாயங்களில் நடித்த நிஜமான சகோதரன் கெல்லியின் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. சம்பந்திக்கும் நினைவில்லை போலிருக்கிறது. 1958-இல் வந்த ‘ஷேடி டீல் அட் சன்னி ஏக்கர்ஸ்’ கிடைத்தால் பாருங்கள். பிரெட்டின் பதினைந்தாயிரம் டாலரை ஒரு வங்கிக்காரர் அமுக்கிவிடுகிறார். கார்னர் தெருவோரம் நாற்காலி போட்டு, குச்சியைச் செதுக்கியபடி, கேட்பவர்களிடமெல்லாம் “அந்த வேலையாகத்தான் இருக்கிறேன்” என்கிறார். பணத்தை மீட்க ஊருக்குள் நாடகமாடி ஓடியாடுவதெல்லாம் கெல்லி.