பழைய கேசட்டை மீண்டும் கேட்கலாமா?

கேள்வி: பதின்ம வயதில், ஜாய் டிவிஷன் என்ற போஸ்ட்-பங்க் இசைக்குழுவின் பாடல்களை நானே தேர்ந்தெடுத்து, 90 நிமிடக் கேசட் ஒன்றில் பதிந்து வைத்தேன். இப்போது அது கைக்குக் கிடைத்திருக்கிறது. ஒலி மங்கியிருக்கிறது, பாடல் தொடங்கும் முன்பே அதன் நிழல் போல ஏதோ கேட்கிறது. நாடா கெட்டுவிட்டதா?

பதில்: அப்படி அஞ்ச வேண்டாம். நாடா ஆண்டுக்கணக்கில் சுருண்டு கிடக்கும்போது ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் மெல்லப் படிந்துவிடும். நீங்கள் கேட்கும் நிழல் அதுதான். மங்கலுக்குப் பெரும்பாலும் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் படிந்த அழுக்கோ, பதிந்த கருவிக்கும் இப்போதைய கருவிக்கும் ஹெட்டின் கோணம் வேறுபடுவதோ காரணமாக இருக்கும். ஹெட்டைத் துடைத்து, நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு கேளுங்கள்.

கேட்கும்போது அக்குழுவின் பீட்டர் ஹுக் வாசிக்கும் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். பிற குழுக்களில் பெரும்பாலும் அடியில் ஒலிக்கும் அந்த வாத்தியம் இங்கே மேல் ஸ்வரங்களில் ஏறி மெட்டையே ஏந்திச் செல்வதால், மங்கிய நாடாவிலும் அது துலங்கும். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, 23 வயதில் மறைந்தபோது, குழுவின் ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம்தான் வெளியாகியிருந்தது. இரண்டாவது அந்த ஜூலையில் வந்தது. இத்தனை சிறிய தொகுதியிலிருந்து எதை முதலில் வைத்தீர்கள், 45 நிமிடப் பக்கம் தீரும் இடத்தில் எந்தப் பாடலை அறுபட விட்டீர்கள் என்பது அக்குழுவின் எந்த ஆல்பத்திலும் கிடைக்காத உங்கள் கையெழுத்து. கணினியில் நகலெடுக்கும்போது அந்த அறுபட்ட முடிவை வெட்டிவிடாதீர்கள்.