ஒன்பது பெட்டி குயில்ட் துணி: எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

கேள்வி: எனக்கு 64 வயது. முப்பது வருடமாகக் குயில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து மேல்புறம் போட்ட போர்வை, தைக்கிறேன். இப்போது சின்ன வீட்டுக்கு மாறப் போகிறோம், அங்கே துணிக்கென்று ஒரே ஒரு அலமாரிதான். என்னிடம் 9 பெட்டி துணி இருக்கிறது, அதில் 2 பெட்டி காலமான என் அக்காவுடையது. வருடத்துக்கு இரண்டு பெரிய போர்வை தைத்தால் அதிகம். பிள்ளைகள் யாரும் தைப்பதில்லை. மூன்று முறை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன், ஒவ்வொரு துணியும் நன்றாகத்தான் இருக்கிறது, எதையும் விட மனசு வரவில்லை, திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். எப்படிக் குறைப்பது?

பதில்: மூன்று முறையும் நீங்கள் துணியைப் பார்த்துக் கேட்டது "இது நல்ல துணியா?" என்ற கேள்வியைத்தான். அதற்கு எப்போதும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் நல்லதாக இல்லாவிட்டால் நீங்கள் வாங்கியே இருக்க மாட்டீர்கள். அதனால் இந்த முறை துணியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள்.

எடை பார்க்கும் மெஷினில் பெட்டிகளை ஏற்றுங்கள். 44 அங்குல அகலத்தில் வரும் வழக்கமான குயில்ட் காட்டன் ஒரு மீட்டர் ஏறக்குறைய 160 கிராம் இருக்கும், அதாவது கிலோவுக்கு 6 மீட்டர். ஒரு பெட்டி 7 கிலோ என்று வைத்தால் 9 பெட்டியும் சேர்ந்து 63 கிலோ, கிட்டத்தட்ட 380 மீட்டர். இரட்டைக் கட்டிலுக்கான போர்வை ஒன்றுக்கு, சுமார் 90க்கு 100 அங்குலம், மேல்புறத்துக்கு 8 மீட்டர், பின்பக்கத்துக்கு ஏழரை மீட்டர், ஓரப்பட்டைக்கு முக்கால் மீட்டர், எல்லாம் சேர்த்து 16 மீட்டர் போகும். வருடத்துக்கு இரண்டு என்றால் 32 மீட்டர். ஆக, இனி ஒரு முழம்கூட வாங்காமல் தைத்தாலும் உங்களிடம் இருப்பது 12 வருடத்துக்குப் போதும். ஐந்து வருடத்துக்கு உள்ளதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை, அது 160 மீட்டர், 27 கிலோ. மாதிரிக்குத்தான் 7 கிலோ என்று எடுத்தேன், உங்கள் பெட்டிகளின் உண்மையான எடையைப் போட்டுப் பாருங்கள். 27 கிலோ அலமாரியில் அடங்கவில்லை என்றால் அலமாரி கொள்ளும் அளவுதான் உங்கள் எல்லை. இந்த எண் கையில் வந்துவிட்டால், 27 கிலோவை எதைக் கொண்டு நிரப்புவது என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி. கொடுக்க வேண்டியதைத் தேடுவதைவிட வைத்துக்கொள்ள வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது மனசுக்குப் பெரிய ஆறுதல்.

பிரிக்கும்போது நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள். நிறத்தில் இறங்கினால் "இதோடு இதைச் சேர்த்தால்" என்று கற்பனை ஓட ஆரம்பித்து, பொழுது போய்விடும். முதலில் அளவு பார்த்துப் பிரியுங்கள்: 3 மீட்டருக்கு மேல், அரை மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை, அதற்கும் கீழே கட்பீஸ்.

பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள், பார்க்கும்போதே எனக்குப் பதறும். பெரிய துணி இடத்தை அடைக்கிறது என்று முதலில் அதைக் கொடுத்துவிட்டு, துண்டுத்துணியை எல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் மேல்புறம் தைத்து முடித்த பிறகு பின்பக்கத்துக்கு ஏழு எட்டு மீட்டர் புதிதாக வாங்க வேண்டிவரும், அதனால் முடிக்காமலே மடித்து வைக்கப்பட்ட போர்வைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நீளமான துணியைக் கடைசி வரை கொடுத்துவிடாதீர்கள். உங்கள் 160 மீட்டரில் 75 மீட்டர் பின்பக்கத்துக்கே போகப்போகிறது. ஒரே துணியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, இரண்டு மூன்று நீளத் துணிகளை இணைத்தும் பின்பக்கம் போடலாம்.

அடுத்தது, வெளிர் நிறமும் பிளெயினும். எல்லோருடைய பெட்டியிலும் அழகான பூப்போட்ட துணி குவிந்திருக்கும், ஏனென்றால் கண்ணை இழுத்து வாங்க வைப்பது அதுதான். ஆனால் போர்வையில் டிசைன் தெரிவதற்குக் காரணம் வெளிர் நிறத்துக்கும் அடர் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம். நடுத்தர நிறங்களை மட்டும் சேர்த்துத் தைத்தால் தூரத்திலிருந்து எல்லாம் ஒரே கலவையாகத் தெரியும். துணிகளை வரிசையாகப் பரப்பி போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். பெரும்பாலானவை ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தால், அந்தக் கூட்டத்திலிருந்துதான் அதிகம் வெளியே போக வேண்டும். வெளிர், பிளெயின், மிக அடர்ந்த நிறம் மூன்றும் இருக்கட்டும்.

பழைய துணியின் பலத்தைச் சோதிக்காமல் வைக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், லேசாக இழுத்ததுமே கிழிந்தால் இற்றுப்போன துணி, அதில் உங்கள் உழைப்பைப் போடக்கூடாது. வெயில் பட்டு மடிப்பு மட்டும் வெளுத்திருக்கிறதா, பாலிஷ் இல்லாத மரப்பலகையிலோ அட்டைப்பெட்டியிலோ பட்ட இடத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பகுதியை வெட்டி எடுக்கலாம். பூஞ்சணம் பிடித்தது போகட்டும், மற்ற துணியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். சிவப்பு, கருநீலம் போன்றவற்றில் சின்னத் துண்டு வெட்டி வெள்ளைக் கோப்பையில் வெந்நீர் ஊற்றிப் போட்டால், சாயம் இறங்குமா என்று தெரிந்துவிடும். காட்டன்தானா என்று சந்தேகம் இருந்தால் ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பல் உதிர்ந்தால் காட்டன், உருகி இறுகிய மணியாக நின்றால் பாலியெஸ்டர் கலந்தது.

ஒரு சபலம் வரும், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்: துண்டுகளை எல்லாம் இரண்டரை அங்குலப் பட்டையாகவும் 5 அங்குலச் சதுரமாகவும் வெட்டி அடுக்கி வைத்துவிடலாம் என்று தோன்றும். நாள் கணக்காக வெட்டுவீர்கள், மணிக்கட்டு வலிக்கும், ஆனால் எடை அப்படியேதான் இருக்கும். முழுத்துணிதான் கொடுக்கவும் எளிது, விற்கவும் எளிது. உள்ளங்கையைவிடச் சின்னத் துண்டுகளை ஜிப் வைத்த உறையில் அடைத்துவிடுங்கள், விலங்குக் காப்பகங்களுக்குப் படுக்கையாகும் (முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் வாங்க மாட்டார்கள்). ஊசி, பின் எதுவும் இல்லையா என்று பார்த்து, உறையை நன்றாக மூடித் தையுங்கள், நாயோ பூனையோ நூலை விழுங்கினால் ஆபத்து.

மீதியைக் கொடுக்கும்போது கலந்துகட்டி ஒரு மூட்டையாகத் தள்ளாதீர்கள். மேல்புறத்துக்குப் பொருந்துகிற ஆறேழு துணி, அதோடு ஓரப்பட்டைக்கு ஒன்று என்று சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், புதிதாகத் தைக்கப் பழகுகிறவர் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார். விற்பதானால் நீளம், அகலம், துவைத்ததா இல்லையா, அந்துருண்டை வாசனை இருக்கிறதா என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுங்கள். வாங்கிய விலை திரும்பக் கிடைக்காது. அந்தப் பணம் வாங்கிய அன்றே செலவாகிவிட்டது, அதை நினைத்து இன்னும் பத்து வருடம் துணிக்குக் காவல் இருக்க வேண்டியதில்லை.

அக்காவின் பெட்டிகளைக் கடைசியாகத் திறங்கள், அதுவும் மற்ற ஏழும் முடிந்து கை பழகிய பிறகு. அவர் வாங்கியது முழுவதையும் நீங்கள் தைத்துத் தீர்க்க வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு துணியிலிருந்தும் 5 அங்குலச் சதுரம் ஒன்றிரண்டு வெட்டுங்கள், வெட்டக்கூடாது என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. 120 சதுரம் சேர்ந்தால் 10க்கு 12 என்று இணைத்து, தையலுக்குள் போவது போக 45க்கு 54 அங்குலத்தில் மடியில் போட்டுக்கொள்ளும் போர்வை ஒன்று வரும். எண்ணிக்கை குறைந்தால் இடையிடையே வெள்ளையை வையுங்கள். பின்பக்கத்துக்கு அவர் பெட்டியில் இருக்கும் நீளத் துணியையே தேடுங்கள், இந்த அளவுக்கு மூன்றேகால் மீட்டர் போதும். வீடு மாறிய பிறகு முதலில் தைப்பது இதுவாக இருக்கட்டும், சதுரங்களையும் அந்தத் துணியையும் ஒரே பையில் போட்டு மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.