கொள்ளுத்தாத்தா கலெக்டருக்குக் கொடுத்த மனு இன்று கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பூர்வீகம் திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். 1928 வாக்கில் பாசன வாய்க்கால் தகராறில் என் கொள்ளுத்தாத்தா கலெக்டருக்கு மனுப் போட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மனு எங்காவது இருக்குமா? எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் மனுவைத் தேடாதீர்கள், அதற்கு வந்த பதிலைத் தேடுங்கள்.

கச்சேரிகளில், அதாவது அன்றைய அரசு அலுவலகங்களில், மனுக்களை மனுதாரர் பெயரில் அடுக்கி வைக்கும் வழக்கம் இல்லை. வந்த மனுவுக்கு ஓர் எண் விழும். தாசில்தார் அறிக்கை, கர்ணத்தின் (கிராமக் கணக்கரின்) வாக்குமூலம், கடைசி உத்தரவு எல்லாம் அதோடு சேர்த்துக் கட்டப்படும். முடிந்த கட்டு, உத்தரவின் எண்ணோடு கலெக்டர் அலுவலகப் பதிவறைக்குப் போகும். எனவே முதல் வேலை வீட்டில்தான். பழைய டிரங்குப் பெட்டியில், பத்திரக் கட்டில், 'ஆர்.டிஸ்.', 'டி.டிஸ்.' என்று தொடங்கும் எண் உள்ள தாள் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

அந்த எழுத்துகள் முக்கியம். 'டிஸ்.' என்பது 'டிஸ்போசல்', அதாவது கோப்பை முடித்து வைத்தது. சென்னை மாகாண அலுவலகங்களில் ஒரு கோப்பு முடியும்போதே அதன் ஆயுளையும் முடிவு செய்துவிடுவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. டி.டிஸ். பத்து வருடம், கே.டிஸ். மூன்று வருடம், எல்.டிஸ். ஒரே வருடம். என்.டிஸ். என்றால் மூலத்தாளையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, உங்கள் தாளில் எல்.டிஸ். என்று இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் தேடிப் பயனில்லை, அது அப்போதே முறைப்படி அழிந்திருக்கும். தண்ணீர் உரிமை பற்றிய உத்தரவு என்பதால் ஆர்.டிஸ். ஆக இருக்கலாம் என்று நம்பலாம்.

தாளே இல்லையா? அப்படியானால் இன்னொரு கேள்வி: கொள்ளுத்தாத்தா அந்த வழக்கில் ஜெயித்தாரா, தோற்றாரா? தோற்றிருந்தால் உங்களுக்கு நல்லது. கலெக்டரோடு முடிந்த விவகாரம் மாவட்டத்தோடு முடிந்தது. தோற்றவர் சும்மா இருக்காமல் சென்னையில் இருந்த ரெவின்யூ போர்டுக்கு, அதாவது கலெக்டர்களுக்கு மேலிருந்த வருவாய் வாரியத்துக்கு, எழுதுவார். 1786இல் தொடங்கி 1980 வரை இருந்த அந்த போர்டு, மனுவை மறுபடி கலெக்டருக்கே அனுப்பி அறிக்கை கேட்கும். கலெக்டர் தாசில்தாரைக் கேட்பார், தாசில்தார் கர்ணத்தைக் கேட்பார். யார் மேல் புகாரோ அவரிடமே விசாரணை போய் நிற்பதும் சகஜம், இதில் இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை. முடிவில் 'தலையிடக் காரணம் இல்லை' என்று ஒற்றை வரியில் போர்டு முடித்துவிடும். மனுதாரருக்கு வயிற்றெரிச்சல், நமக்கோ, அந்தச் சுற்றில் சேர்ந்த காகிதம் எல்லாம் புதையல். அதற்கும் அடங்காதவர்கள் மாகாண அரசுக்கே எழுதினார்கள். அங்கே அது அரசாணையாக, அதாவது ஜி.ஓ. ஆகப் பதிவாகியிருக்கும்.

போர்டு நடவடிக்கைகளும் அரசாணைகளும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அனுமதி வாங்கி, முதலில் ஆண்டுவாரி அட்டவணைகளைக் கேளுங்கள். 1928, 1929, 1930 மூன்றையும் பாருங்கள், மேல்முறையீடு இழுத்துக்கொண்டே போகும். வருவாய்த் துறையில் கிடைக்காவிட்டால் பொதுப்பணித் துறையிலும் தேடுங்கள், வாய்க்கால் விவகாரம் அங்கேயும் போயிருக்கும். திருவாரூர் மாவட்டம் 1997இல்தான் பிறந்தது. அன்றைக்கு எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. ஆங்கில ஆவணங்களில் ஊர்ப் பெயர் 'திருவாலூர்' என்றும் வரும், சென்னைக்குப் பக்கத்துத் திருவள்ளூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தேதி பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டில், இருந்தால் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1338 என்றால் 1928 ஜூலையில் தொடங்கும் ஆண்டு.

இதைவிடப் பழைய மனுக்களைத் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1852இல் சென்னை சுதேசி சங்கம், கஜுலு லட்சுமிநரசு செட்டியின் முன்முயற்சியில், லண்டன் நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. வரி வசூலில் நடந்த சித்திரவதை அங்கே விவாதமாகி, 1854இல் விசாரணைக் குழு அமைந்தது. கிட்டி போட்டு விரலை நசுக்கியது, தலையைக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தியது என்று 1,959 புகார்கள் அந்தக் குழுவுக்கு வந்தன. 1855இல் அதன் அறிக்கை அச்சானது. அந்தக் காலத்துக் குடியானவர் ஒருவரின் முறையீட்டை அச்சிலேயே படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மாகாண நடவடிக்கைகளின் பிரதிகள் லண்டனுக்கும் போயின. எழும்பூரில் பக்கம் கிழிந்திருந்தால் பிரிட்டிஷ் நூலகத்தில் முயலலாம்.

கோப்பு கையில் வந்ததும் அவசரப்பட வேண்டாம். 'ம-ள-ள-ஸ்ரீ (மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம்) கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கி, 'தங்கள் பாதமே கதி' என்கிற பாணியில் போகும் மனுவைப் பார்த்து, கொள்ளுத்தாத்தா இவ்வளவு கெஞ்சினாரா என்று வருத்தப்படாதீர்கள். பெரும்பாலும் அது கச்சேரி வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதியவரின் நடை. அவர் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதினார். உங்கள் ஆளின் குரல் வேண்டுமானால் விசாரணையில் பதிவான வாக்குமூலத்தைப் படியுங்கள். கீழே கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும்.

அப்புறம், வாய்க்கால் தகராறு இன்னும் உயிரோடு இருந்து கோர்ட்டுக்குப் போகும் எண்ணமும் இருந்தால், செல்போனில் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். காப்பகத்திலேயே விண்ணப்பித்து, முத்திரை வைத்த சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.