நால்வர் எழுதிய நாவல் ஒருவர் பெயரில் வரலாமா?

கேள்வி: நான் கோத்தகிரியில் ஆசிரியை. நாங்கள் நான்கு நண்பர்கள் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் கூடி ஒரு நாவல் எழுதினோம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. சம்பவங்களில் பெரும்பாலானவை எங்கள் தோழி தன் பாட்டியிடம் கேட்டுச் சொன்னவை. நானும் இன்னொரு நண்பரும் நோட்டில் எழுதினோம். நான்காமவர் கணினியில் அடித்து, நடையைச் செப்பனிட்டார். இப்போது அவர் தன் பெயரை மட்டும் போட்டு ஒரு பதிப்பகத்திடம் கொடுத்திருக்கிறார். கேட்டால், "கதைக்கருவுக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது, எழுத்து என்னுடையது" என்கிறார். நாங்கள் மூவரும் முந்திக்கொண்டு எங்கள் பெயரில் வெளியிட்டுவிடலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், சகோதரி. அவர் செய்த அதே தவறை நீங்களும் செய்தவர்கள் ஆவீர்கள். இன்று உங்கள் பக்கம் இருக்கும் பலம் அதோடு போய்விடும்.

பதிப்புரிமைச் சட்டம், 1957, 'கூட்டுப் படைப்பு' என்பதற்குப் பிரிவு 2(இசட்)-இல் விளக்கம் தருகிறது. இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து உழைத்து, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி உருவாக்கியதுதான் கூட்டுப் படைப்பு. நீங்கள் எழுதிய பக்கத்தை அவர் திருத்தி, அதை மறு ஞாயிறு நால்வரும் வாசித்து மாற்றியிருந்தால் உங்கள் நாவல் அந்த வகைதான். ஒருவேளை அத்தியாயங்களை ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டு தனித்தனியே எழுதியிருந்தால், அவரவர் அத்தியாயம் அவரவருக்கே சொந்தம். இரண்டில் எதுவானாலும் முழு நாவலையும் தன்னுடையது என்று அவர் சொல்ல வழியில்லை. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர், மற்றவர் சம்மதம் இல்லாமல் தனியாக வெளியாருக்கு உரிமம் கொடுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தட்டச்சு செய்ததால் மட்டும் யாரும் ஆசிரியர் ஆவதில்லை. நடையைச் செப்பனிட்டது உண்மையான எழுத்து வேலையாக இருந்தால் அவரும் ஓர் ஆசிரியர். அதை நீங்கள் மறுக்கக் கூடாது.

உங்கள் தோழியின் நிலைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று நண்பர் சொல்வது சரிதான். 1978-இல் உச்ச நீதிமன்றம், ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், அப்படித்தான் சொன்னது. ஆனால் உங்கள் தோழி தந்தது வெறும் கருதானா? மௌலானா ஆசாத் தன் நினைவுகளை உருதுவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்'. அந்த நூல் பற்றிய வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, சொன்னவரும் எழுதியவரும் நெருங்கி உழைத்திருப்பதால் இருவருமே கூட்டாசிரியர்கள் என்று நீதிமன்றம் கருதியது. உங்கள் தோழி பாட்டி கதையை ஒருநாள் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டாரா, அல்லது வாராவாரம் உட்கார்ந்து, 'தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பாட்டி இப்படிப் பேசியிருக்க மாட்டார்' என்று வரி வரியாகத் திருத்தினாரா? இரண்டாவதுதான் நடந்தது என்றால் அவர் பெயருக்காக நான் துணிந்து வாதாடுவேன். முதலாவது என்றால் சட்டப்படி அவர் வாதம் பலவீனமானது. அப்போதும் முன்னுரையில் அவருக்கும் பாட்டிக்கும் உரிய இடம் கொடுங்கள்.

காலதாமதம் செய்யாதீர்கள். புத்தகத்தில் யார் பெயர் அச்சாகிறதோ அவரே ஆசிரியர் என்றுதான் பிரிவு 55 அனுமானிக்கிறது. அதை உடைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அச்சுக்குப் போகும் முன்பே பதிப்பகத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சச்சரவு உள்ள கையெழுத்துப் பிரதியை அச்சிடப் பெரும்பாலான பதிப்பகங்கள் தயங்கும். அதற்கும் முன்னால் நண்பரை நேரில் ஒருமுறை பார்த்துப் பேசுங்கள். மூன்று வருட ஞாயிறுகளை ஒரு நோட்டீஸ் தின்றுவிடக் கூடாது.

அவர் இசையாவிட்டால், பிரிவு 62-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம், ஊட்டியில் உள்ள மாவட்ட நீதிமன்றம் போதும். வெளியீட்டுக்கு இடைக்காலத் தடையும் கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, எழுதியதுமே உரிமை பிறந்துவிடுகிறது. இருந்தாலும் நால்வர் பெயரிலும் பதிவு செய்துகொண்டால் நல்லது, இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான்.

சமரசம் ஆனால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். பெயர் வரிசை, ராயல்டிப் பங்கு, மொழிபெயர்ப்பும் சினிமா உரிமையும் யார் முடிவு, ஒருவர் இறந்தால் அவர் பங்கு யாருக்கு என்பதெல்லாம் அதில் வரட்டும். கூட்டுப் படைப்பின் உரிமை, கடைசியாக இறக்கும் ஆசிரியருக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும். இது உங்கள் பேரப்பிள்ளைகள் வரை போகும் சொத்து. பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது காலத்தையும் குறிப்பிடுங்கள், குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கையெழுத்து நோட்டுகள்தான் முதல் சாட்சி. வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காதீர்கள், அவற்றை நீதிமன்றத்தில் காட்ட 2023-இன் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நோட்டுகளை மட்டும் இன்றே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். கோத்தகிரி ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.