பாதி விலைச் சான்றிதழில் மகளைச் சேர்க்கலாமா?

மகள் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டாள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், இணையத்தில் 120 மணி நேரச் சான்றிதழ் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் என்றால், டெஃபல், டெசால் என்பவை பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதைக் குறிக்கும் பொதுவான பெயர்கள், அவற்றை யார் வேண்டுமானாலும் சான்றிதழில் அச்சடிக்கலாம். உலகம் முழுமைக்கும் இதைக் கண்காணிக்கும் ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. மணிக்கணக்கை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு அமைப்பு தரும் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழும் குறைந்தது 120 மணி நேரம்தான், ஆனால் அதற்குள் உண்மையான மாணவர்கள் முன் நின்று 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், அதுவும் இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு, பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பிடுவார். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளைக் கவனிக்க வேண்டும், எழுத்து ஒப்படைப்புகள் 4. முழுநேரமாகச் செய்தால் 4 அல்லது 5 வாரம், அந்த வாரங்களில் வேறு எந்த வேலையும் ஓடாது. பகுதிநேரமாகவும் இணையவழியிலும் உண்டு. லண்டன் டிரினிட்டி கல்லூரி தரும் செர்ட்டெசால் என்ற சான்றிதழும் இதே தரம்தான், அதிலும் 6 மணி நேரக் கற்பித்தல் உண்டு. அதில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி, பயிற்சி பெறுபவர் தனக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியில் மாணவராக உட்கார்ந்து சில பாடங்கள் கேட்க வேண்டும். ஒன்றும் புரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துவிடும்.

நன்றாக ஆங்கிலம் பேசுகிறாளே, இது போதாதா என்று நினைக்காதீர்கள். ‘யூஸ்ட் டு’ என்ற பிரயோகத்தை விளக்கிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். பயிற்சி பெற்றவர் அப்படிக் கேட்பதில்லை. ‘ஹீ யூஸ்ட் டு ஸ்மோக்’ என்று எழுதிவிட்டு, முன்பு புகைத்தாரா, ஒரே ஒரு தடவையா பல தடவையா, இப்போதும் புகைக்கிறாரா என்று சின்னச் சின்னதாகக் கேட்பார். யாருக்குப் புரியவில்லை என்பது உடனே வெளியே வந்துவிடும். இந்தப் பழக்கம் வீடியோ பார்த்து வருவதில்லை, நாம் தடுமாறும்போது ஒருவர் பார்த்துத் திருத்தினால்தான் வரும். இலக்கியப் பட்டம் இதைச் சொல்லித்தருவதும் இல்லை.

அதற்காக உடனே பெரிய தொகையைக் கட்டிவிடவும் வேண்டாம். ஆர்வம் உண்மையானதா என்று பார்க்க, கேம்பிரிட்ஜின் டி.கே.டி. என்ற, கற்பித்தல் பற்றிய அறிவைச் சோதிக்கும் தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் 80 கேள்வி, 80 நிமிடம், கற்பித்தல் பயிற்சி கிடையாது. இதை மட்டும் வைத்து நல்ல வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் படிக்கும்போதே இந்தத் தொழில் அவளுக்கு ஒத்துவருமா என்று தெரியும். செல்டாவுக்கு மேற்பட்ட டெல்டா என்ற பட்டயம், டெசாலில் முதுகலைப் பட்டம் எல்லாம் சில வருடம் பாடம் நடத்திய பிறகு யோசிக்க வேண்டியவை.

அப்புறம் இரண்டு விஷயம். அரசுப் பள்ளியில் நிரந்தர வேலைதான் இலக்கு என்றால், அந்தந்த நாடு கேட்கும் ஆசிரியர் தகுதியைத்தான் முதலில் முடிக்க வேண்டும், செல்டா அதற்கு ஈடாகாது. மொழிப் பயிற்சி மையங்கள், பெரியவர்களுக்கான வகுப்புகள், இணையவழி வகுப்புகள் என்றால் செல்டா நேரடியாக உதவும். இன்னொன்று கசப்பானது: தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று இன்னும் விளம்பரம் வருகிறது. ஆங்கில ஆசிரியர்களின் அமைப்பான டெசால் சர்வதேசச் சங்கம் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 2006-லேயே நிலைப்பாடு அறிவித்தும் முழுதாக ஒழியவில்லை. ஆங்கிலத்தைத் தானே உட்கார்ந்து கற்றவருக்கு மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தெரியும் என்பது என் கருத்து, நேர்காணலில் அவள் இதைத் தயங்காமல் சொல்லட்டும்.

சரி, அந்தப் பாதி விலை நிறுவனத்துக்கு மகளையே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். நேரடி மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், அதை யார் பார்த்து மதிப்பிடுவார், அவருடைய தகுதி என்ன, சான்றிதழை வெளியிலிருந்து எந்த அமைப்பு சரிபார்க்கிறது என்று கேட்கட்டும். பதிலுக்கு இன்னும் 10 சதவீதத் தள்ளுபடி வந்தால் பணம் கட்டாதீர்கள்.