வாழ்க்கைக் கதை எழுதுகிறேன். யாரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது?

ஐம்பது பக்கம் எழுதிவிட்டதாகவும், படித்த எல்லோரும் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வதாகவும், உருப்படியாகக் கருத்துச் சொல்ல யாரைப் பிடிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எழுத உட்கார்ந்தவர் என்றே நினைக்கிறேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு "நல்லா இருக்கும்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் திருநெல்வேலியில் டெலிபோன் ஆப்பரேட்டராக வேலை பார்த்தவள். 1980இல் சேர்ந்தேன். வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, சென்னைக்கும் பம்பாய்க்கும் டிரங்க் கால் போட்டுக் கொடுத்த கைகள் இவை. ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று அவசரத்தைப் பொறுத்து டிரங்க் கால்களில் வகை உண்டு. ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுத வேண்டும். மூன்று நிமிடம் முடிந்தால் நடுவில் புகுந்து "எக்ஸ்டென்ட் பண்ணவா?" என்று கேட்க வேண்டும். ஒரு ஆப்பரேட்டருக்கு என்ன பெரிய வாழ்க்கை வரலாறு என்று சிலர் நினைக்கலாம். அந்த போர்டு இன்றைக்கு எங்கேயும் இல்லை. அதில் உட்கார்ந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

முதலில் என் கையெழுத்துப் பிரதியை ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். எங்கள் பகுதி நூலகத்தில் பழக்கமானவர். (அந்த நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக வாங்குகிறார்கள். நானும் ஒரு வருஷம்கூட விடாமல் கட்டுகிறேன். ஆனால் அங்கே முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு நாற்காலி கிடையாது, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. வயதான பெண்கள் நூலகத்துக்கு ஏன் வருவதில்லை என்று கூட்டம் போட்டு வருத்தப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சார் பத்தே நாளில் முழுவதும் திருத்திக் கொடுத்துவிட்டார். டிரங்க் கால் "தொலைதூர அழைப்பு" ஆகியிருந்தது. டிக்கெட் "பதிவுச் சீட்டு" ஆகியிருந்தது. எங்கள் அம்மா என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள். அது "மகளே" என்று மாறியிருந்தது. படித்தபோது யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கதை மாதிரி இருந்தது. சாரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றுப்பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தவறு என்னுடையது. பிழை மட்டும் பாருங்கள், வார்த்தையை மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள்.

அடுத்து என் தம்பி. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் பத்திரம் போய்விட்டது என்று எழுதியிருந்தேன். "வெள்ளத்துல போகல, அதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே அப்பா அடகு வச்சுட்டாங்க. உனக்குத் தெரிய வேண்டாம்னு அம்மா சொன்னா" என்றான். முப்பது வருஷமாக நான் நம்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் எழுதவே இல்லை. அப்புறம் இரண்டையுமே எழுதிவிட்டேன், நான் நம்பியதையும் தம்பி சொன்னதையும். கூடப் பிறந்தவர்களிடம் நடை நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. இப்படித்தான் நடந்ததா என்று கேளுங்கள், அதற்கு அவர்களை விட்டால் ஆளில்லை.

ஆனால் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது மூன்றாவது ஆளுக்காக. என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர். பாளையங்கோட்டையில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. கண் சரியில்லாததால் நான்தான் வாசித்துக் காட்டினேன். எம்.ஜி.ஆர். இறந்த நாள் வந்தது. "24-12-1987 அன்று தமிழகமே கண்ணீரில் மூழ்கியது. நாங்கள் ஓய்வின்றிப் பணியாற்றினோம்" என்று வாசித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது பேப்பர்ல வந்ததுல்லா. இதுல நீ எங்கட்டி இருக்க?"

எனக்குப் புரியவில்லை.

"பால் கட்டிக்கிட்டு பாத்ரூம்ல நின்னு அழுதியே, அத ஏன் எழுதல?"

அப்போது என் மகனுக்கு ஏழு மாதம். நைட் ட்யூட்டி முடித்துக் காலையில் போய்ப் பால் கொடுப்பேன். அன்றைக்கு விடியற்காலையில் போர்டில் விளக்குகள் மொத்தமாக எரிய ஆரம்பித்தன. எடுத்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "உண்மையா?" விடிந்ததும் பஸ் நின்றுவிட்டது, கடைகள் அடைத்துவிட்டார்கள், எங்களை மாற்ற வேண்டியவர்கள் வரவில்லை. மறுநாள் கிறிஸ்துமஸ். வீட்டுக்குப் போய் முறுக்கு சுட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த அக்காவும் என் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டார். பத்து மணிக்கெல்லாம் என் ஜாக்கெட் நனைந்துவிட்டது. நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் அடித்தது. அக்கா தன் துண்டை வெந்நீரில் நனைத்துக் கொடுத்து, போர்டில் என் பொசிஷனை, அதாவது நான் உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம், வீடு இருந்த பேட்டை வரைக்கும் நடந்தே போனேன்.

வெட்கப்பட்டுக்கொண்டு விட்டதை அக்கா ஒரே கேள்வியில் எழுத வைத்துவிட்டார். பள்ளிப் படிப்போடு நின்றவர் அவர், கதை எழுதுவது பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கு என்னோடு இருந்தார். பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடும் ஒரு இடத்தில் "எடிட்டிங்" என்று தனியாகக் கட்டணம் கட்டியிருந்தேன். அங்கே கமாவும் முற்றுப்புள்ளியும் மாற்றினார்களே தவிர, இந்தப் பக்கத்தில் யாருடைய கையும் நிற்கவில்லை. அதனால் உங்களோடு வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டில் இருந்தவர் என்று யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். தாளை நீட்டாதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். முகம் எங்கே மாறுகிறது, எங்கே கொட்டாவி வருகிறது என்று பாருங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "நான் எதை விட்டுவிட்டேன்?" என்று கேளுங்கள்.

எல்லாம் எழுதி முடித்துவிட்டு மொத்தமாகக் காட்டலாம் என்றும் இருக்க வேண்டாம். உ.வே.சா.வே தன் சரித்திரத்தை 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம்தான் கொடுத்தார். 1942இல் அவர் காலமானபோது அது முடியாமலே நின்றது. நமக்கும் வயதாகிறது. ஒரு அத்தியாயம் முடிந்ததா, காட்டிவிடுங்கள்.

திருத்தி எழுதிய அந்த அத்தியாயத்தை என் மகனுக்கு அனுப்பினேன். அந்த ஏழு மாதக் குழந்தைதான், இப்போது பெங்களூரில் இருக்கிறான். இதையெல்லாம் ஏன் எழுதினாய் என்று கேட்பான் என்று பயந்துகொண்டிருந்தேன். இரவு போன் செய்து, "அன்னைக்கு முழுக்க எனக்கு யார்மா பால் குடுத்தது?" என்று கேட்டான். எதிர் வீட்டு அக்காதான். தன் பெண் குழந்தையோடு இவனையும் சேர்த்து மடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதையும் நான் எழுதவில்லை. அவர்கள் குடும்பம் இப்போது மேலப்பாளையத்தில் இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை போய் வாசித்துக் காட்டி, இதைப் போடலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும்.